எட்டு பாயிண்ட்டையும் மாற்றத் தேவையில்லை

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், என் மாமனார் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த, எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் பிராண்டின் மாதிரி ரயில் ஓடுகிறது. 45 மில்லிமீட்டர் அகலப் பாதை, ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் எட்டு பாயிண்ட்டுகள். சில மாதங்களாக எஞ்சின் பாயிண்ட்டின் மேல் நின்றுவிடுகிறது, பெட்டிகள் தடம் புரள்கின்றன. மழைக்குப் பிறகு பாயிண்ட்டுகளை நகர்த்தும் மோட்டார்களும் அசைவதில்லை. எட்டையும் கழற்றிவிட்டுப் பெரிய பாயிண்ட்டுகளாகத் தருவித்துத் தருவதாகக் கோவையிலிருந்து ஒருவர் சொல்கிறார். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாயிண்ட்டுகளைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் எட்டையும் மாற்றச் சொல்கிறவர் உங்கள் ரயிலுக்கு வைத்தியம் பார்க்கவில்லை, தன் சரக்கை விற்கிறார். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. பெரும்பாலும் பழைய பாயிண்ட்டை வைத்துக்கொண்டே மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில், எஞ்சின் நிற்பது. இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங் பகுதி உங்கள் பழைய பாயிண்ட்டுகளில் பிளாஸ்டிக்காக இருக்கும், அதில் மின்சாரம் வராது. நீள எஞ்சின் மற்றச் சக்கரங்களால் மின்சாரம் எடுத்துத் தாண்டிவிடும். குட்டை எஞ்சினுக்கு அந்த நொடியில் நாக்குத் தண்டவாளம்தான் (பாதை மாற்ற இடம் வலமாக நகரும் கூர்முனைத் தண்டவாளம்) கதி. நாக்குக்குப் போகும் இணைப்பு பாயிண்ட்டின் அடியில் இருக்கிறது. குன்னூர்ப் பனியிலும் சேற்றிலும் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் அது பச்சை பூத்துத்தான் போகும். மல்டிமீட்டரின் ஒரு முனையை நாக்கிலும் இன்னொன்றை அதற்கு மின்சாரம் தரவேண்டிய தண்டவாளத்திலும் வையுங்கள். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் நோய் அதுதான். இரண்டையும் ஒரு துண்டு செம்புக் கம்பியால் சால்டரிங் செய்து (ஈயப்பற்று வைத்து) இணைத்தால் போதும். சிறிய சால்டரிங் கருவி இந்தப் பித்தளையிடம் தோற்றுவிடும், தண்டவாளமே சூட்டை இழுத்துக்கொள்ளும். 100 வாட் கருவி தேவை. சில்வர் ஓக் சருகு நாக்கின் இடுக்கில் சிக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை. புதிய பாயிண்ட் வாங்கினாலும் சருகு விழத்தான் செய்யும்.

அடுத்து, தடம் புரள்வது. ஒரே பெட்டி எல்லாப் பாயிண்ட்டிலும் விழுகிறதா, எல்லாப் பெட்டிகளும் ஒரே பாயிண்ட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள். முதலாவது என்றால் குற்றவாளி பெட்டிதான். சக்கரங்களின் உட்புறத்துக்கு உட்புறம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். பழைய பிளாஸ்டிக் சக்கரங்கள் அச்சில் நழுவி இந்த இடைவெளி மாறிவிடும். இரண்டாவது என்றால் கிராசிங் தேய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டிச் சக்கரத்துக்கு வழிகாட்டும் சிறு துண்டுதான் செக் ரெயில்; அதில் தண்டவாளத்தைப் பார்த்த பக்கத்தில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுங்கள். அது சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், கிராசிங் முனையில் போய் முட்டாது. கிராசிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பள்ளத்தின் அடியிலும் ஒரு தகடு. செலவு ஒரு டீயும் வடையும்.

பாயிண்ட்டை மாற்றியே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. நீள எஞ்சின் வைத்திருந்து, அது முக்கியப் பாதையில் பாயிண்ட்டின் நாக்குப் பக்கத்திலிருந்து நுழைந்து வளைவுக்குத் திரும்பினால், அந்த ஒரு பாயிண்ட்டை மட்டும் பெரியதாக்குங்கள். உங்களிடம் இருப்பது ஆர்1 வகையாக இருக்கும்: 600 மில்லிமீட்டர் ஆரம், 30 பாகை. அவர் தருவதாகச் சொல்வது ஆர்3 ஆக இருக்கும்: ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆரம், 22.5 பாகை. இந்த ஏழரைப் பாகை வித்தியாசத்தை அந்தக் கோவைத் தரகர் சொல்லமாட்டார். ஆர்1 வட்டத்துக்கு வளைவுத் துண்டுகள் 12, ஆர்3 வட்டத்துக்கு 16. எனவே பழையதைக் கழற்றிய இடத்தில் புதியது உட்காராது. நீளம் வேறு, வெளியேறும் கோணம் வேறு, பக்கத்துப் பாதையின் இடைவெளியும் மாறும். எட்டையும் மாற்றினால் பாதையையே பெயர்த்துப் போடவேண்டும். படிப்படியாக வெட்டிய மலைத்தோட்டத்தில் அதற்குக் கல்கட்டையும் இடிக்க நேரும். பாயிண்ட் விலை உங்களுக்குத் தெரியும், கொத்தனார் கூலியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாக்குப் பக்கம் நுழையாமல், இரண்டு பாதை ஒன்றாகும் திசையில் மட்டுமே ரயில் கடக்கும் பாயிண்ட்டுகளைத் தொடவே வேண்டாம்.

அந்த ஒன்றை வாங்கும்போதும் கவனம். 'பரிசுப் பொருள் என்று எழுதி வரவழைக்கிறேன், வரி கிடையாது' என்பது தரகர்களின் பழைய பாட்டு. தபாலிலும் கூரியரிலும் பரிசு என்று வரி இல்லாமல் பொருள் வரவழைக்கும் வழியை அரசு 2019 டிசம்பரிலேயே மூடிவிட்டது. விலக்கு உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும். பாயிண்ட்டை ராக்கி என்று யாரும் நம்பமாட்டார்கள். சுங்கக் கணக்கில் இது பொம்மை. பொம்மைக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. மேலே ஜி.எஸ்.டி. வேறு. குழந்தைகளின் பிளாஸ்டிக் பொம்மைக்கும் மாமனாரின் பித்தளைத் தண்டவாளத்துக்கும் ஒரே தராசு! வித்தியாசத்தை எழுதிக் கேட்டால் படிவம் வரும், பதில் வராது. இந்தக் குழப்பத்தில்தான் தரகர் பிழைக்கிறார். முன்பணம் வாங்கிக்கொண்டு, பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்று இரண்டாவது முறையும் கேட்பார். சுங்க ரசீதின் நகல் இல்லாமல் அந்த இரண்டாவது தொகையைத் தராதீர்கள்.

பொருள் கைக்கு வந்ததும் தண்டவாளத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு, வீட்டுக்குள் ஓடும் பொம்மைப் பாதைக்கு உரியது. ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

மோட்டார் விஷயம் சுருக்கமானது. கை எட்டும் தூரத்தில் இருக்கும் பாயிண்ட்டுக்கு மோட்டாரே வேண்டாம், கையால் தள்ளுங்கள். எட்டாதவற்றில், மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் கழற்றி 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள், பிறகு கம்பிகளை மாற்றித் தொடுங்கள். இரு பக்கமும் நகர்ந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. குற்றம் வயரில். தோட்டத்தின் கோடிவரை மெல்லிய வயர் இழுத்திருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே கரைந்துவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் குன்னூர் மின்சாதனக் கடைகளிலேயே கிடைக்கும். நகராத மோட்டாரை மட்டும் மாற்றுங்கள், மோட்டார் தனியாகவே விற்பனைக்கு வருகிறது.

உங்கள் ஊருக்குப் பெரிய மழை அக்டோபரில்தான் தொடங்கும். அதற்கு முன் பாயிண்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அடியில் உள்ள மண்ணை வழித்தெடுத்துவிட்டு, நீர் வடியும்படி சிறு ஜல்லி போட்டு, சமமட்டம் பார்த்து உட்காரவையுங்கள். தரகருக்குப் பதில் சொல்லும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.