பாலைவனத்தில் வண்டியின் ஏறுதிறனை எப்படிச் சோதிப்பது?

தயாரிப்பாளர் தரும் ஏறுதிறன் எண், அதாவது வண்டி ஏறக்கூடிய அதிகபட்சச் சரிவு, மணல்மேட்டுக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள், பொருந்தாது. அது கெட்டியான, பிடிப்புள்ள தளத்துக்கான எண். தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கான எதிர்ப்பு வண்டி எடையில் 1 முதல் 2 சதவீதமே. தளர்ந்த மணலில் அது 20 சதவீதத்தையும் தாண்டலாம். ஆகவே 12 பாகை மணற்சரிவில் ஏறவே, கெட்டித் தரையில் ஏறத்தாழ 24 பாகை ஏறுவதற்கான இழுவிசை வேண்டும்.

அபுதாபியின் லிவா பகுதியிலுள்ள தல் மொரீப் மணல்மேட்டின் சரிவு 50 பாகை என்பார்கள்; உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் நிற்காமல் சரிந்துவிடும் என்பதால், அதை விளம்பர எண்ணாகவே கொள்கிறேன்.

ஓடிவந்து ஏறினால் வேகமே பாதி வேலையைச் செய்து எஞ்சினின் குறையை மறைத்துவிடும் என்பதால், காற்று வீசும் பக்கத்துச் சரிவின் நடுவில் நிறுத்தி அங்கிருந்து புறப்படுவதே நேர்மையான சோதனை. டயர் அழுத்தத்தை 35 பிஎஸ்ஐயிலிருந்து 15 வரை குறைத்து, இரு நிலைகளையும் ஒப்பிட வேண்டும். பிறகு இறங்கித் தடத்தைப் பாருங்கள்: டயரின் வரிகள் தெளிவாகப் பதிந்திருந்தால் பிடிப்பு இருக்கிறது, வரிகள் அழிந்து பள்ளமாகத் தோண்டப்பட்டிருந்தால், எஞ்சினில் சக்தி மிச்சமிருந்தும் சக்கரம் வழுக்கியிருக்கிறது. நடுவில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பாமல் நேராகப் பின்னோக்கி இறக்குங்கள். குறுக்கே திரும்பினால் உருண்டுவிடும்.

ஓமான், ஐக்கிய அரபு அமீரக எல்லையை ஒட்டிய ஹஜர் மலையின் கற்கள் நிறைந்த வாடிகளில் (வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்) வேகம் உதவாது. அங்கே, மெதுவாக அதிக இழுவிசையுடன் நகரவைக்கும் லோ கியரும், அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃப் லாக்கும்தான் சோதனைக்குரியவை.