ஓலு குளிரில் சைக்கிள்: எதைப் போடுவது?

தம்பி, ஜனவரியில் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாகவும், அறையிலிருந்து லின்னன்மா வளாகம் 5 கிலோமீட்டர் என்றும் எழுதியிருந்தீர்கள். "சென்னையிலேயே நல்ல கனமான ஜெர்கின் ஒன்று வாங்கிவிட்டால் சைக்கிளுக்குப் போதுமா அண்ணா?" என்பது கேள்வி. வாங்காதீர்கள். அந்தப் பணத்தை அப்படியே கொண்டுவாருங்கள்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தப்பு இதுதான். உள்ளே திருப்பூர் பருத்தி பனியன், அதன்மேல் சட்டை, அதற்கும் மேலே மெத்தை மாதிரி இறகு அடைத்த ஜெர்கின். மைனஸ் 12. கிளம்பும்போது சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் முதுகில் வியர்வை வழிந்தது. வழியில் பால் வாங்க இறங்கினேன். வெளியே வந்து, உறைந்துபோன பூட்டோடு மல்லுக்கட்டிய ரெண்டு நிமிஷத்தில் அந்த ஈரப் பனியன் முதுகில் ஐஸாக ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் நின்றும் பல் தந்தியடிப்பது நிற்கவில்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், லேசில் விடாது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம், இங்கே வினை.

ஆகவே உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, இல்லையென்றால் பாலியஸ்டர் தெர்மல் உள்ளாடை. கம்பளி ஈரமானாலும் சூட்டைக் காக்கும், நாலு நாள் போட்டாலும் நாறாது. துவைக்கும் அறைக்கு முறை பதிந்து காத்திருக்கும்போது இதன் அருமை தெரியும். அதன்மேல் மெல்லிய பிளீஸ், அதாவது செயற்கை இழையில் செய்த மெத்தென்ற சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மெல்லிய மேலாடை, அக்குளில் ஜிப் வைத்ததாக. மைனஸ் 5 வரை எனக்குப் பிளீஸே வேண்டாம். மைனஸ் 20க்கு ரெண்டு பிளீஸ். மேலாடை எப்போதும் அதேதான், ஏனென்றால் அதன் வேலை காற்றைத் தடுப்பது. மைனஸ் 10இல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் மைனஸ் 18 போல உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் நீங்கள் மிதிக்கிற வேகமே காற்றுதான்.

சரியாகப் போட்டிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிஷம் மிதித்ததும் அது போய்விடும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

உடம்பு சூடேறினாலும் கையும் காலும் ஏறாது. அங்கே கஞ்சத்தனம் கூடாது. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாக ஒண்டிக்கொள்ளும் உறை மேல். இன்னும் நல்லது கைப்பிடியிலேயே மாட்டும் உறை; பார்க்கத் தலையணை மாதிரி அசிங்கமாக இருக்கும், இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். ஷூவை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். இறுக்கமான ஷூவுக்குள் ரெண்டு சாக்ஸ் திணித்தால் ரத்தம் ஓடாது, விரல் மரத்துப்போகும்.

காலுக்கு ஜீன்ஸுக்குள் தெர்மல் போதும். அம்மா தரும் குரங்குக் குல்லா ஹெல்மெட்டுக்குள் நுழையாது. காதை மூடும் மெல்லிய தொப்பியும் கழுத்துக்குக் குழாய்த் துணியும் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் துணியை மூக்குக்குக் கீழே இறக்கி மூச்சு விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து அப்படியே உறைந்துவிடும்.

பாதைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிர்கால சைக்கிள் மாநாடு 2013இல் முதன்முதலில் கூடிய ஊர் இது. பனியை வழித்துக் கெட்டியாக அழுத்திவிடுவார்கள். ஆணி பதித்த டயர் போட்டால் லேசில் வழுக்காது. டிசம்பர் கடைசியில் பகல் மூன்றரை மணி நேரம்தான், நீங்கள் வரும்போதும் பெரிதாக நீண்டிருக்காது. முன்விளக்கு, பின்விளக்கு ரெண்டும் வேண்டும். இரவில் விளக்கை அறைக்குள் எடுத்து வையுங்கள், குளிரில் பேட்டரி படுத்துவிடும்.

வந்து இறங்கியதும் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை கிர்ப்புத்தோரிக்குக் கூட்டிப்போகிறேன். பழைய பொருள் கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். கைப்பிடி உறை மட்டும் வாங்க வேண்டாம், என்னிடம் பழைய ஜோடி ஒன்று சும்மா கிடக்கிறது.