கேள்வி பதில்: படிக்கப் போனவர் பாடிய ரயில்

கேள்வி: அக்கா, என் மகன் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். இரவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறான். ஆபிரிக்கப் பாட்டு. நடுவில் ஒருவர் ரயில் மாதிரியே கூவுகிறார். யாரென்று கேட்டால், "படிக்கப் போன இடத்தில முப்பது வருசம் நாட்டுக்குத் திரும்பேலாமல் போன ஆள் அம்மா" என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், தெகிவளை

பதில்: உண்மைதான், தங்கச்சி. பாட்டின் பெயர் 'ஸ்டிமேலா'. நீராவி ரயிலுக்கு அங்கே அதுதான் பெயர். பாடியவர் தென்னாபிரிக்காவின் ஹியூ மசகேலா. ட்ரம்பெட் ஊதுவதுதான் அவருக்கு முதல், பாட்டு பிறகு வந்தது.

1939 ஏப்ரலில் விட்பாங்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். வளர்த்தது பாட்டி. சுரங்கத் தொழிலாளருக்குச் சட்டத்துக்கு ஒளித்துக் குடிவகை விற்றுப் பிழைத்தவர். தூர நாடுகளிலிருந்து பெண்சாதி பிள்ளைகளை விட்டு வந்த ஆண்கள் அங்கே குடித்துவிட்டு ஊர்க்கதை கதைத்து அழுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். அந்த ரயில் அங்கேயே அவருக்குள் ஏறிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ட்ரெவர் ஹடில்ஸ்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார்தான் முதல் ட்ரம்பெட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு அந்தப் பாதிரியார் அமெரிக்காவில் பெரிய ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ரோங்கைச் சந்தித்தபோது இந்தப் பள்ளிக்கூடப் பொடியன்களின் வாத்தியக் குழுவைப் பற்றிச் சொல்ல, ஆர்ம்ஸ்ட்ரோங் 1956இல் தன்னுடைய ட்ரம்பெட் ஒன்றையே அனுப்பிவைத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கால் நிலத்தில் படாமல் மசகேலா துள்ளுகிற படம் ஒன்று இருக்கிறது. மகனிடம் தேடித் தரச் சொல்லிப் பாருங்கள். அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

1960 மார்ச் 21. கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் ஓர் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் என்ற இடத்தில் கூடியவர்கள்மீது பொலிஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள். மடியில் அடையாள அட்டையோடு கொழும்புத் தெருக்களில் நடந்த எங்களுக்கு அந்தப் புத்தகத்தை விளக்கத் தேவையில்லை. அந்த வருடமே மசகேலா இசை படிக்க லண்டனுக்குப் போனார், அங்கிருந்து நியூயோர்க் போய் மன்ஹாட்டன் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது வயது 21.

படிப்பு 1964இல் முடிந்தது. அவர் திரும்பிப் போகத்தான் இருந்தார். ஆனால் அந்த வருடம்தான் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை. போனால் உன்னையும் பிடித்து அடைப்பார்கள், இங்கேயே நின்று பெயர் எடு, அதன் பிறகு நீ உன் நாட்டைப் பற்றிச் சொன்னால் உலகம் கேட்கும் என்று மறித்தவர் பாடகர் ஹரி பெலஃபொன்டே. நாலு வருடம் என்று போன பிள்ளைக்கு அது முப்பது வருடமானது.

பெயரும் எடுத்தார். 1968 யூலையில் அவருடைய 'கிரேசிங் இன் த கிராஸ்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதில் அவர் ஒரு சொல்லும் பாடவில்லை. மாட்டு மணித் தாளமும் ட்ரம்பெட்டும்தான்.

உங்கள் மகன் கேட்கிற ரயில் 1974இல் வந்த இசைத்தட்டில் இருக்கிறது. தொடக்கத்தில் பாட்டே இல்லை, பேச்சுத்தான். நமீபியா, மலாவி, சாம்பியா, மொசாம்பிக் என்று ரயில் ஆள் ஏற்றி வருகிற நாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஜொகன்னஸ்பேர்க் சுரங்கத்தில் பூமியின் வயிற்றுக்குள் நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் வேலை. சம்பளம் என்று சொல்லக்கூடிய சம்பளம் இல்லை. தாளம் சில்லு உருள்கிற மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று தொண்டையாலேயே விசில் அடிப்பார். முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்தவள் நான். அந்த ஒலி எந்தச் சுரத்திலும் நிற்காது. நிற்கவும் கூடாது. பக்கத்து அறையில் அதைக் கேட்டுத்தானே நீங்கள் இந்தக் கடிதம் எழுதினீர்கள்?

எண்பதுகளில் தாய்நாட்டுக்குப் பக்கத்திலாவது இருப்போம் என்று பொற்ஸ்வானாவுக்கு வந்து இருந்தார். அங்கே 1985இல் அவருடைய பிறந்த நாளுக்குச் சிறைக்குள்ளிருந்து மண்டேலாவின் கடிதம் ஒளித்துக் கொண்டுவரப்பட்டு அவர் கைக்குக் கிடைத்தது. அதை வாசித்துவிட்டுப் பியானோவில் இருந்து பாடியதுதான் மண்டேலாவை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்கிற பாட்டு. 1990 பெப்ரவரியில் மண்டேலா வெளியே வந்தார். அந்த வருடமே மசகேலாவும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். 2018 ஜனவரியில் ஜொகன்னஸ்பேர்க்கில்தான் கண்ணை மூடினார்.

கேள்வி: மிரியம் மக்கேபா இவருடைய மனைவியா? அவரும் நாட்டுக்குப் போக முடியாதவரா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆமாம், அவரும் தென்னாபிரிக்கப் பாடகிதான். 1964இல் கலியாணம், இரண்டு வருடத்தில் பிரிந்துவிட்டார்கள், ஆனாலும் பிறகும் சேர்ந்து மேடை ஏறினார்கள். மக்கேபாவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1960இல் தாயின் செத்தவீட்டுக்குப் போக வெளிக்கிட்டபோதுதான் கடவுச்சீட்டை ரத்துச் செய்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. 1963இல் ஐ.நா.வில் போய்த் தன் நாட்டின் இனவெறிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். குடியுரிமையும் போனது.

கேள்வி: மகள் மெல்பேர்னில் படிக்கிறாள். அங்கே மேடைகளில் பாடுகிறாள், நல்ல கூட்டமும் வருகிறது. எங்கள் நாட்டார் பாட்டுகளை விட்டுவிட்டு அவர்களுடைய பாட்டைப் பாடினால்தான் முன்னுக்கு வரலாம் என்று சிநேகிதிகள் சொல்கிறார்களாம். நான் என்ன சொல்வது?
– ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: மசகேலாவும் நியூயோர்க்குக்குப் போனது அமெரிக்க ஜாஸ் படித்து அவர்களைப் போல வாசிக்கத்தான். அவரைத் திருத்தியவர்களில் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் ஒருவர். எங்களைப் போல வாசிக்கிறவர்கள் இங்கே ஆயிரம் பேர், உன் ஊரிலிருந்து ஞாபகம் இருப்பதை இதற்குள் போடு என்றார். மகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஐயா. அவர்களுடைய பாட்டையும் படிக்கட்டும். ஆனால் நாற்று நடுகிற பாட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம்.

ஊர் ஒலி கேட்காமல் இருப்பது எப்படி என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் தம்பி 1982இல் படிக்க லண்டன் போனான். அடுத்த யூலையில் எங்கள் வீடு எரிந்தது. முகாமிலிருந்து அப்பா எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரிதான்: "நீ வராதே." பிறகு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தபோது அவனுக்கு ஒரு கசெற் அனுப்பினோம். ஒரு பக்கம் அம்மாவின் தாலாட்டு. மற்றப் பக்கத்துக்குப் பாட்டு இல்லை, அதனால் நான் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தேன். தேங்காய் திருவுகிற சத்தம், கிணற்றுக் கப்பி, காகம், பின்னால் போகிற ரயில். அதற்குள் ஒழுங்கையில் மீன்காரரும் வந்துவிட்டார். அப்படியே அனுப்பினேன்.

மசகேலா நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க்குக்குப் போய்த் தன் ஊர் மொழிகளில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருப்பாராம். இதை வாசித்தபோது எனக்குத் தம்பியின் ஞாபகம்தான் வந்தது. அவன் பாடகனாகவில்லை, கணக்காளன்.

2003இல்தான் வர முடிந்தது. வந்த இரண்டாம் நாள் காலை, ஒழுங்கை முடிவில் ரயில் பாதை ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். ரயில் வந்தது. நான் ஏதோ சொல்ல வாய் திறக்க, பேசாதே என்று கையை உயர்த்தினான். கடைசிப் பெட்டி போகும் வரை அப்படியே நின்றான்.

"இதுக்குப் பிறகு மீன்காரர் கூப்பிடுவார்" என்றான்.