வரப்போகும் டேப்லெட்டுக்குக் காத்திருக்கலாமா? வாசகர் கேள்விகள்

கே: மகள் பிளஸ் ஒன் போகிறாள். பாடம் பார்க்க டேப்லெட் வாங்கலாம் என்றால், "ரெண்டே மாசத்தில் புது மாடல் பாதி விலைக்கு வருது, பொறு அக்கா" என்று தம்பி தடுக்கிறான். அவன் காட்டிய வீடியோவில் படம், தேதி, விலை எல்லாமே இருக்கிறது. நம்பலாமா? (வாசகி, விருதுநகர்)

ப: படத்தை ஓரளவு நம்பலாம். தேதியைப் பாதி நம்பலாம். விலையை மட்டும் நம்பவே வேண்டாம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. முதல் ஐபேட் வருவதற்கு முன் நடந்ததை அப்போது நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தவன் நான். பத்து அங்குலத் தொடுதிரைக்கு ஆப்பிள் ஆர்டர் கொடுத்திருக்கிறது என்ற செய்தி தைவானிலிருந்து 2009 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அந்த வருடமே கடைக்கு வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. பெயர் ஐஸ்லேட் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்தது, ஐடேப்லெட், ஐகைடு என்று வேறு சிலர். விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும் என்பதில் மட்டும் பெரிய பத்திரிகைகள்கூட ஒரே குரலில் பேசின. 2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறினார். திரை 9.7 அங்குலம், அதாவது அளவு சரி. பெயர் ஐபேட். கடைசியில் விலைக்கு வந்தபோது, எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த 999 டாலரைப் பின்னாலிருந்த பெரிய திரையில் போட்டு, அதைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டார். பிறகு மேலிருந்து 499 என்ற எண் விழுந்து அந்த 999-ஐ நொறுக்கியது.

அளவு சரியாக வந்து விலை தப்பியதற்குக் காரணம் இருக்கிறது. திரையை எங்கோ ஒரு தொழிற்சாலை மாதக்கணக்கில் முன்கூட்டியே செய்ய வேண்டும். அங்கே அளக்கிறவர், அடுக்குகிறவர், லாரியில் ஏற்றுகிறவர் என்று ஆயிரம் கண்கள் அதைப் பார்க்கும். கவர் செய்கிறவர்களுக்கும் அளவு முன்பே கிடைத்துவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், இன்னும் அறிவிக்கவே இல்லாத ஒரு டேப்லெட்டின் கவர் கொக்கியில் தொங்கியதை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்கான ஓட்டை பழைய மாடலில் இருந்த மூலையில் இல்லாமல் நடுவில் இருந்தது. பிறகு வந்த டேப்லெட்டிலும் கேமரா அதே நடுவில்தான். ஆனால் விலையை எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. அது நான்கைந்து பேர் மண்டைக்குள் இருப்பது, கடைசி வாரத்தில்கூட மாறும். "பாதி விலை" என்று தம்பி சொல்வது யாரோ ஒருவரின் ஆசை, அவ்வளவுதான். பள்ளி திறந்துவிட்டது அல்லவா, கடையில் இன்று கிடைப்பதில் நல்லதாக ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கே: போன வருடம் அப்படித்தான் காத்திருக்காமல் வாங்கினேன். ஐந்தே வாரத்தில் அடுத்த மாடல் வந்துவிட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்? (வாசகர், கும்பகோணம்)

ப: உங்கள் கோபம் நியாயம். காத்திருக்க வேண்டிய நேரமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் என் தப்பு. முதல் ஐபேட் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது 2011 ஜனவரி 28 அன்று, ஆரம்ப விலை 27,900 ரூபாய். ஆசையோடு வாங்கியவர்களுக்கு 33 நாள்தான் நிம்மதி. மார்ச் 2 அன்று ஐபேட் 2 அறிவிக்கப்பட்டது, இன்னும் மெல்லியதாக, முன்னும் பின்னும் கேமராவோடு. அது ஏப்ரல் கடைசியிலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

அதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்காவில் அந்த முதல் ஐபேட்டுக்கு அப்போது கிட்டத்தட்ட ஒரு வயது. அதனால் வதந்தியைத் தேடுவதற்கு முன், வாங்கப்போகும் மாடல் உலகத்தில் முதன்முதலாக எப்போது வந்தது என்று பாருங்கள். வருடா வருடம் புதுசு விடும் நிறுவனமாக இருந்து, உங்கள் கண்ணில் பட்ட மாடலுக்குப் பத்து, பதினொரு மாதம் ஆகியிருந்தால், யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கொஞ்சம் பொறுங்கள். புதுசு வேண்டாதவர்களுக்கும் பழையதன் விலை அப்போது இறங்கும். இன்னொரு அடையாளம், நம் ஊரில் டேப்லெட் விற்க பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். அந்தப் பட்டியலில் மாடல் எண் ஏறியிருக்கிறது என்று செய்தி வந்தால், இங்கே விற்கும் எண்ணத்தோடு வேலை நடக்கிறது என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கே: முழு வீடியோவே கசிந்த பிறகும் வராமல் போன டேப்லெட் உண்டா? (மாணவர், கோவை)

ப: உண்டு, இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. மைக்ரோசாஃப்டின் கூரியர். 2009 செப்டம்பரில் கிஸ்மோடோ தளம் வெளியிட்ட வீடியோவில் அது புத்தகம்போல் விரிந்தது. ஏழு அங்குலத்தில் இரண்டு திரைகள், நடுவில் கீல், எழுத ஒரு பேனா. ஒரு பக்கத்தில் இருக்கும் படத்தை விரலால் நடு மடிப்பு வரை தள்ளி அங்கே செருகி வைத்துவிட்டு, வேறு பக்கத்துக்குப் போய் அதை வெளியே இழுத்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதியே பழகியவர்கள் யோசித்த யோசனை அது. ஆனால் 2010 ஏப்ரலில், ஐபேட் கடைக்கு வந்த அதே மாதம், இதைச் செய்யப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஒரு நிறுவனத்துக்குள் செய்து பார்ப்பவை ஏராளம், கடைக்கு வருபவை அதில் கொஞ்சம்.

கே: ஒரு நிறுவனத்தின் தலைவரே வாய் திறந்து "செய்ய மாட்டோம்" என்று சொல்லிவிட்டால் அதையாவது நம்பலாம் இல்லையா? (வாசகர், ஈரோடு)

ப: அதையும் காலம் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஏழு அங்குல டேப்லெட் பிறக்கும்போதே செத்தது என்று 2010 அக்டோபரில் ஜாப்ஸ் சொன்னார். 2012 அக்டோபரில் 7.9 அங்குல ஐபேட் மினியை ஆப்பிளே அறிவித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

கே: மாணவர்களுக்கு அரசே மிகக் குறைந்த விலையில் டேப்லெட் தரப்போகிறது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முன்பு இப்படி ஒன்று வந்ததே, என்ன ஆனது? (ஆசிரியை, திண்டிவனம்)

ப: நீங்கள் கேட்பது ஆகாஷ். 2010 ஜூலையில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் ஒரு மாதிரியைக் கையில் தூக்கிக் காட்டி, விலை 35 டாலர், போகப் போகப் பத்து டாலருக்கும் இறங்கும் என்றார். அந்த நாளில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! கிராமத்துப் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் ஒன்று என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறைந்தது. 2011 அக்டோபர் 5 அன்று வெளியிட்டபோது அரசு கொடுத்த விலை 2,200 ரூபாய்க்கு மேல். உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம். திரை, அழுத்தத்தால் வேலை செய்யும் பழைய வகை. இன்றைய போனில் விரல் பட்டால் போதும், அந்த வகையில் மேல்தகடு லேசாக வளைந்து கீழ்த்தகட்டைத் தொட்டால்தான் கட்டளை போகும், அதனால் நகத்தை வைத்து அழுத்த வேண்டியிருக்கும். மந்தம் என்ற புகார்கள் எழுந்து, வேகமான செயலியும் தொட்டாலே போதும் என்கிற திரையுமாக 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது. இருந்தும், சொன்னபடி எல்லா மாணவர் கைக்கும் அது போய்ச் சேரவில்லை.

எண்ணம் தப்பே இல்லை டீச்சர், அதை இன்றும் ஆதரிப்பேன். ஆனால் விலையை முதலில் அறிவித்துவிட்டு அதற்குள் பொருளை அடக்கப் பார்த்ததில் அடி வாங்கியது பொருள்தான். உங்களுக்கு வந்த செய்தியில் அரசாணை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் "பதிவு செய்ய இங்கே அழுத்தவும்" என்று மட்டும் இருந்தால், பிள்ளைகளின் ஆதார் எண்ணை அதில் போட வேண்டாம் என்று வகுப்பில் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கே: மடிக்கும் ஐபேட் வருகிறதாமே? வரைகலை வேலைக்கு அதற்காகக் காத்திருக்கிறேன். (வாசகர், மதுரை)

ப: வேண்டாம். ஆப்பிள் செய்திகளில் அதிகம் சரியாகச் சொல்லும் ப்ளூம்பெர்க் செய்தியாளர் மார்க் குர்மன் 2024 டிசம்பரில் இதைப் பற்றி எழுதியபோதே 2028 வாக்கில்தான் என்றார். இப்போது கிடைப்பதை வாங்கி வேலையை ஆரம்பியுங்கள்.

கே: இன்னும் வராத ஒரு டேப்லெட்டுக்கு எங்கள் ஊர்க் கடையில் 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். தப்பா? (வாசகர், தேனி)

ப: நிறுவனம் தானே முன்பதிவைத் திறக்கும் முன் கடைக்காரர் வாங்கும் அட்வான்ஸ், அவருடைய நம்பிக்கைக்கு நீங்கள் கொடுக்கும் காசு. ரசீதில் மாடல் பெயரும், வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்ற வரியும் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலையிலேயே போய் எழுதி வாங்குங்கள், சண்டை வேண்டாம், பொறுமையாகக் கேளுங்கள். மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.