இந்த முகவரியில் அப்படி எவரும் இல்லை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் பலோஜி இயக்கிய ‘ஓமன்’ படத்தைப் பார்த்தேன். அவர் காங்கோவில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த ராப் பாடகர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாடல், உடை வடிவமைப்பு, கண்காட்சி, திரைப்படம் என்று அவர் தாவிக்கொண்டே இருப்பது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. இது வளர்ச்சியா, அல்லது எதிலும் நிலைகொள்ள முடியாத அலைச்சலா? சிறு குழந்தையாக ஊரைவிட்டுப் போனவருக்குக் காங்கோவைப் பற்றிப் படம் எடுக்க என்ன உரிமை என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் பகலில் விளம்பர நிறுவனம் ஒன்றில் படம் வரைகிறேன். இரவில் ராப் எழுதுகிறேன். ஒன்றை விட்டுவிடும்படி எல்லோரும் சொல்கிறார்கள். என் பாடல் ஒன்றையும் மூன்று படங்களையும் இணைத்திருக்கிறேன். கேட்க வேண்டிய ஆப்பிரிக்க ராப் பாடகர்களின் பட்டியலையும் தந்தால் உதவியாக இருக்கும்.

க.

அன்புள்ள க.,

பட்டியல் கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதற்கு எழுதக் காரணம், பலோஜியின் நீண்ட பாடல் ஒன்றைச் சில வாரங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். அதைப் பற்றி யாரிடம் பேசுவது என்று இருந்தபோது நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் நண்பரின் கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஓர் ஊரைப் பற்றிப் படம் எடுக்க எத்தனை வயதுவரை அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் குடியுரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேரலாம். பலோஜி 1978இல் லுபும்பாஷியில் பிறந்தவர். காங்கோவை ஆண்ட பெல்ஜியர்கள் தங்கள் அரசியின் பெயரால் எலிசபெத்வில் என்று அழைத்து, செம்பை வெட்டி எடுத்துக்கொண்டுபோன நகரம் அது. செம்பு போனபோது யாரும் உரிமை கேட்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளை காமெராவோடு திரும்பி வரும்போது மட்டும் பத்திரத்தைக் காட்டச் சொல்கிறோம்.

‘தாவுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னைச் சீண்டியது. ஒரு கலைஞனை அவன் வைத்திருக்கும் கருவியைக் கொண்டு அடையாளம் காண்பது நம்முடைய பழைய சோம்பேறித்தனம். கையில் மைக் இருந்தால் பாடகன், காமெரா இருந்தால் இயக்குநர். இரண்டும் இருந்தால் நமக்குத் தலைவலி. அவன் யாரிடம் பேசுகிறான் என்று பார்ப்பதே இல்லை.

பலோஜியின் தந்தை அவரைச் சிறு குழந்தையாகப் பெல்ஜியத்துக்கு அழைத்துவந்தார். தாய் காங்கோவிலேயே இருந்துவிட்டார். லியேஜ் நகரத்தில் வளர்ந்த பையன் பதின்ம வயதில் ராப் குழு ஒன்றில் சேர்ந்தான். அந்தக் குழுவின் முந்தைய பெயர் ‘மொழிப் போக்கிரிகள்’ என்று பொருள்படும். போக்கிரிகள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் ‘ஸ்டார்ஃப்ளாம்’ என்று வரும்; அதையே பிறகு குழுவின் பெயராக்கிக்கொண்டார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகளைப் போக்கிரிகள் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வசவையே புரட்டிப் போட்டு நட்சத்திரமும் தீச்சுடரும் ஒலிக்கும் ஒரு சொல்லைச் செய்துகொண்ட இளைஞர்களிடம் மொழி எவ்வளவு சரளமாக இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். குழு புகழ்பெற்றது, 2004இல் பலோஜி விலகினார்.

இசையே வேண்டாம் என்று அவர் ஒதுங்கியிருந்த நாட்களில் தாயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நெடுங்காலமாக அவர்களிடையே எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து வந்த கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது? காகிதத்தில் எழுத வராமல் அவர் ஓர் இசைத் தொகுப்பையே பதிலாகச் செய்தார். 2007இல் வந்த ‘ஹோட்டல் இம்பாலா’ அதுதான்: தான் எப்படி வளர்ந்தேன், எங்கே தடுக்கி விழுந்தேன் என்று தாய்க்குச் சொல்லும் தன்வரலாறு. பிறகு அதை எடுத்துக்கொண்டு லுபும்பாஷிக்குப் போனார். அந்தச் சந்திப்பு அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சென்னையில் மேன்ஷன் அறையில் தங்கியிருந்த காலத்தில் மாதம் ஓர் இன்லேண்டு லெட்டர் வரும். எதிர்வீட்டு வாத்தியார் எழுதிக் கொடுப்பார். ‘சிரஞ்சீவி மகனுக்கு அநேக ஆசீர்வாதம்’ என்று தொடங்கும் அந்தக் கடிதத்தில், ஒட்டும் ஓரத்தில் இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருக்கும் கடைசி இரண்டு வரிகள் மட்டும்தான் அம்மாவுடையவை: கூரை ஒழுகுகிறது, பசு கன்று போட்டிருக்கிறது, முடிந்தால் நூறு ரூபாய். வாத்தியாரின் தமிழுக்கு நான் எதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற திமிரில் பெரும்பாலும் பதிலே போடாமல் இருந்தேன். முதல் கதை அச்சானபோது அந்த இதழை அப்படியே உறையில் வைத்து அனுப்பினேன். கதை முழுக்க அம்மாதான். இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது என்று நம்பினேன். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த லெட்டரில் ‘தங்கள் படைப்புக்குரிய சன்மானம் குறித்துத் தாயார் அறிய விரும்புகிறார்’ என்று எழுதியிருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டதை அக்கா அப்படியே நடித்துக் காட்டினாள்: “இம்புட்டு நேரம் படிச்சீங்களே வாத்தியாரே, இதுக்கு எம்புட்டுக் குடுப்பாங்க?” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பத்திரிகையிலிருந்து வந்த மணியார்டர் பணத்தை நான் ஊருக்கு அனுப்பியிருக்கவில்லை.

பலோஜியின் அடுத்த தொகுப்பு காங்கோவின் தலைநகரமான கின்ஷாசாவில், அந்த ஊர் இசைக் கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்யப்பட்டது. ‘கின்ஷாசா கிளை அலுவலகம்’ என்பது தலைப்பின் பொருள். தலைமையகத்தைப் பிரஸ்ஸல்ஸில் வைத்துக்கொண்டு காங்கோவில் கிளை நடத்திய கம்பெனிகளை நினைத்தால் அந்தக் குத்தல் புரியும். அதில் ஒரு பாடலில் கொனோனோ நம்பர் 1 குழு வாசிக்கிறது: பழைய கார்களிலிருந்து பிடுங்கிய காந்தத்தில் தாங்களே மைக் செய்து, கட்டைவிரலால் மீட்டும் சிறு கருவியை ஊர் அதிர முழங்கவைத்தவர்கள். இன்னொரு பாடல், ‘விடுதலை சா சா’வின் மறு ஆக்கம். மூலப்பாடல் கிராண்ட் காலே என்ற ஜோசப் கபசேலேயுடையது. 1960 ஜனவரியில் காங்கோவின் விடுதலை பற்றிய வட்டமேசை மாநாட்டின்போது, அது பிரஸ்ஸல்ஸில் பிறந்தது. காங்கோவின் விடுதலைப் பாட்டே பெல்ஜியத் தலைநகரில் பிறந்தது என்பதை, முடிந்தால், உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் பலோஜி அதே மெட்டை எடுத்து ‘மறுநாள்’ என்று பெயர் வைத்தார். கொண்டாட்டம் முடிந்து விடிந்த காலையைப் பற்றிய பாட்டு அது.

நான் திரும்பத் திரும்பக் கேட்பதாகச் சொன்ன பாடல் 2018இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. தொகுப்பின் பெயரே ஒரு விலாசம்: ‘137, கனியாமா அவென்யூ’. பாடலின் தலைப்பில் ‘கடைசி மழை’ என்ற சொற்களோடு இன்னொரு தொடரும் சேர்ந்திருக்கிறது: ‘இந்த முகவரியில் அப்படி எவரும் இல்லை’. திரும்பி வரும் தபாலில் குத்தப்படும் முத்திரை வாசகம் அது. தாயோடு நடந்த அந்தச் சந்திப்புதான் பாடலின் மையம். பத்தாண்டுகளுக்கு முன் அனுப்பிய பதில் போய்ச் சேரவில்லை என்பதை ஒரு மகன் அந்த முத்திரையை வைத்தே ஒப்புக்கொள்கிறார். பிரெஞ்சு தெரியாத நான் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். சில நாட்களில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இப்போது நீங்கள் பார்த்த படத்துக்கு வாருங்கள். கதை விளங்கவில்லை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். கதாநாயகன் கோஃபி என்ன கொண்டுபோகிறான் என்று கவனித்தீர்களா? படத்தின் தொடக்கத்தில் முடியைக் குறைத்துக்கொண்டு, ஸ்வாஹிலி வாக்கியங்களை ஒப்பித்துப் பார்த்து, கருவுற்ற வெள்ளைக்காரத் துணையோடு அவன் ஊருக்குப் புறப்படுவது பரிசப் பணத்தைக் கொடுப்பதற்காக. இசைத்தட்டோடு போன மகன், பதினைந்தாண்டுகள் கழித்துத் தன் கதாபாத்திரத்தின் கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பிப் பார்க்கிறான்! அதுவும் செல்லவில்லை. உறவுக்காரக் குழந்தையைக் கோஃபி கையில் ஏந்தியிருக்கும்போது மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து குழந்தையின் மேல் சொட்டுகிறது. உடனே அந்த வீடே அவனைச் சூனியக்காரனாகப் பார்க்கிறது. ‘பலோஜி’ என்ற பெயருக்கு அந்தப் பக்கத்தில் இன்று சூனியக்காரர் என்றுதான் பொருள். முன்பு அது அறிவாளியைக் குறித்தது என்றும், காலனிய காலத்தில்தான் பொருள் கெட்டது என்றும் அவர் பேட்டிகளில் சொல்லிவருகிறார். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வளர்ந்தவரைத் தவிர வேறு யாரும் அந்த மூக்கு இரத்தக் காட்சியை அவ்வளவு சாதாரணமாக, ஒரு குடும்பக் கூடலின் நடுவில் வைத்திருக்க முடியாது.

2023இல் கேன்ஸ் விழாவில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்ததும், பெல்ஜியம் அதை ஆஸ்கருக்கு அனுப்பிவைத்ததும், உடைகளின் வடிவமைப்பிலும் அவர் பங்கெடுத்ததும், ஆண்ட்வெர்ப் நகரத்தின் உடை அருங்காட்சியகம் அவற்றைக் கண்காட்சியாக்கியதும் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்கும் செய்திகள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: படத்தின் நான்கு பாத்திரங்களுக்கும், அவரவர் கண்ணோட்டத்தில், நான்கு இசைத் தொகுப்புகளை அவர் தனித்தனியாகச் செய்தார். அவற்றில் ஒன்று கோஃபியின் தாய்க்குரியது. படத்தில் மகனை ஏறெடுத்துப் பார்க்காத அந்தத் தாயின் பக்கத்திலிருந்து பாடல்களை எழுத உட்கார்ந்த மனிதரைத்தான் நீங்கள் ‘நிலைகொள்ள முடியாத அலைச்சல்’ என்கிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

பட்டியல் தர மாட்டேன். நான் சொன்ன மூன்று தொகுப்புகளையும் வந்த வரிசையில் கேளுங்கள். அந்த நீண்ட பாடலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய பாடலைக் கேட்டேன். சமூகமே, சமூகமே என்று பதினோரு இடங்களில் கூப்பிடுகிறீர்கள். சமூகத்துக்குக் காது கிடையாது. தாளம் சுத்தமாக இருக்கிறது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. படங்களில் முதல் இரண்டும் உங்கள் அலுவலகத்துக்காக வரைந்தவை போலிருக்கின்றன. மூன்றாவதில், தையல் இயந்திரத்தின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஒரு கால் மட்டும் செருப்பில்லாமல் மிதிபலகை மேல் இருக்கிறது. அவர் யார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.