மூக்கை அடைப்பது சளியா? ஜலதோஷக் கேள்விகளுக்குப் பதில்

கே: மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று அம்மா துண்டோடு துரத்துகிறார். உண்மையா டாக்டர்?

ப: வைரஸ் இல்லாமல் வெறும் ஈரம் சளியைத் தராது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946-இல் தொடங்கிய ஆய்வு மையத்தில், தன்னார்வலர்களை ஈரத்தோடு குளிரில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை. ஆனாலும் சளிக்கு முக்கியக் காரணமான ரைனோவைரஸ் 33 டிகிரி செல்சியஸ் சூட்டில், அதாவது குளிர்ந்த மூக்கில், நன்றாகப் பெருகும். அதனால் அம்மா துவட்டட்டும், நஷ்டமில்லை.

கே: எவ்வளவு சிந்தினாலும் ஒன்றும் வரவில்லை, அடைப்பும் போகவில்லை.

ப: அடைத்திருப்பது பெரும்பாலும் சளியே இல்லை. மூக்கின் பக்கச் சுவரில் ரத்தக்குழாய்கள் நிறைந்த மடிப்புகள் உண்டு. வைரஸ் வந்ததும் உடல் சுரக்கும் பிராடிகைனின் போன்ற ரசாயனங்களால் அவை வீங்கிவிடுகின்றன. வீக்கத்தை எப்படிச் சிந்தி எடுப்பது? பலமாகச் சிந்தினால் இருக்கிற சளியும் சைனஸுக்குள் ஏறும். ஒரு துளையை மூடிக்கொண்டு மறுதுளையை மெதுவாகச் சிந்துங்கள். படுக்கும்போது தலையை உயர்த்தி வையுங்கள்.

கொதித்து ஆறிய நீர் 240 மி.லி., உப்பு அரை டீஸ்பூன்: இதால் மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள், அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கலாம். ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து உடனே திறக்கும். மூன்று நாளைத் தாண்டினால், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

கே: சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் எடுக்கட்டுமா?

ப: வேண்டாம். அது வெள்ளணுக்களின் நொதி தரும் நிறம். பத்து நாளாகியும் குறையாவிட்டாலோ, குறைந்தபின் மறுபடி காய்ச்சலும் முகவலியும் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

கே: ஒரு தடவை வந்தால் எதிர்ப்புச் சக்தி வராதா?

ப: வரும், அந்த ஒரு வகைக்கு. ரைனோவைரஸில் மட்டுமே 160-க்கு மேல் வகைகள்.

கே: வீட்டில் சளி பிடித்தவர் கையால் வாயை மூடித்தான் தும்முகிறார். ஆனாலும் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்கிறதே சார்?

ப: எந்தக் கையால் மூடினார்? அதே கை தாழ்ப்பாளையும் டிவி ரிமோட்டையும் தொடுகிறது. அடுத்தவர் அதைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் போதும், கண்ணீர்க் குழாய் வழியே வைரஸ் மூக்கில் இறங்கிவிடும். ஒன்று முதல் மூன்று நாளில் தொண்டை கரகரக்கும். முழங்கை மடிப்பில் தும்மச் சொல்லுங்கள். சானிடைசர் கரைக்கும் கொழுப்புறை இந்த வைரஸுக்கு இல்லாததால், அதைவிடச் சோப்பு மேல்: ஓடும் நீரில் 20 விநாடி.

கே: ஒன்பது மாதக் குழந்தைக்குத் தேன் குழைத்துத் தரலாமா? ஆவி காட்டலாமா?

ப: இரண்டும் கூடாது. ஒரு வயதுக்குள் தேனால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம்; ஆவிப் பாத்திரம் கவிழ்ந்தால் வெந்துபோகும். கடையில் கேட்டு வாங்கும் சளி சிரப்பும் வேண்டாம். அப்படிப்பட்ட சிரப்புகளில் இருக்கும் குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் மருந்துக் கலவையை நான்கு வயதுக்குள் தரக்கூடாது என்று 2023-இல் இந்திய அரசே சொல்லிவிட்டது. பால் கொடுக்குமுன் மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விடுங்கள். மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.