ஆஸ்டெக் நரபலி: எண்ணிக்கையும் காரணமும்

கேள்வி: 1487-ல் ஆஸ்டெக் மன்னர் ஒரே விழாவில் எண்பதாயிரம் பேரை நரபலி கொடுத்தாராமே, உண்மையா? இறைச்சிப் பஞ்சம்தான் காரணம் என்பதும் சரியா?

பதில்: நரபலி உண்மை. அந்த எண்ணிக்கையை நம்ப வழியில்லை.

ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானின் (இன்றைய மெக்சிகோ நகரம்) பெருங்கோயில் விழாவில், மன்னர் அவிட்சோட்ல் காலத்தில் 80,400 பேர் பலியானதாகத் தியேகோ துரான் என்ற ஸ்பானியப் பாதிரியார் ஏறக்குறைய நூறாண்டு கழித்து எழுதினார். விழா நான்கு நாள். இரவு பகல் ஓயாமல் நடந்திருந்தாலும் நிமிடத்துக்குப் பதினான்கு பேர் ஆகிறது. நான்கு பலிபீடங்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்குப் பதினேழு விநாடிதான். நடந்த முறையைப் பார்த்தால் அது முடியாத காரியம். நால்வர் கை கால்களைப் பிடித்துக் குவிந்த கல்லின்மேல் மல்லாத்த வேண்டும். கல் கத்தியால் மார்பெலும்பைப் பிளப்பது கடினம். அதனால் விலாவுக்குக் கீழே கீறி, உதரவிதானத்தைத் துளைத்துத்தான் இதயத்தை எடுத்தார்கள் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. பிறகு உடலைப் படிகளில் உருட்டிவிட வேண்டும்.

எண்ணிக்கையைப் பெருக்கியதில் ஸ்பானியர்களுக்கு லாபம் உண்டு. படையெடுப்புக்கு அது நியாயம் தந்தது. ஆனால் பழி முழுவதும் அவர்கள்மேல் அல்ல. எதிரி நாட்டுத் தலைவர்களை ரகசியமாக வரவழைத்துப் பலியைக் காட்டியதாகத் துரானே சொல்கிறார். அச்சத்தைப் பரப்புவது ஆஸ்டெக் அரசுக்கும் தேவையாக இருந்தது.

எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளுவதும் தவறு. மெக்சிகோ நகரப் பேராலயத்தின் பின்புறம் 2015-ல் மண்டையோட்டுக் கோபுரம் ஒன்று கிடைத்தது. 2020-க்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை எண்ணிவிட்டார்கள். அவற்றில் பெண்களுடையவை, குழந்தைகளுடையவையும் உண்டு. போர்க்கைதிகள் மட்டுமே பலியானார்கள் என்ற பழைய கருத்து இங்கே அடிபட்டுப் போகிறது.

இறைச்சிப் பஞ்சத்தால் நரமாமிசம் உண்ணவே பலி கொடுத்தார்கள் என்ற வாதத்தை 1977-ல் மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர் முன்வைத்தார். மறு ஆண்டே ஓர்டிஸ் தெ மொந்தெயானோ என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். சோளம், பீன்ஸ், தண்டுக்கீரை விதை, ஏரியில் அள்ளிய ஸ்பைருலினா பாசி என்று புரதத்துக்குக் குறைவில்லை. பலிகள் மிகுந்ததும் அறுவடைக் காலத்தில்தான். போதாததற்கு, நரமாமிசம் பசித்த ஏழைக்குப் போகவில்லை. கைதியைப் பிடித்தவனின் உறவினர் சிறு பங்காக உண்டார்கள். பிடித்தவனோ தொடவே மாட்டான். கைதியைத் தன் மகனாகப் பாவித்ததால், அது தன் சதையையே தின்பதாகும் என்று கருதினான்.

ஆகவே இன்றைய ஆய்வாளர் பலர் சமயத்தையும் அரசியலையும் சேர்த்தே பார்க்கிறார்கள். தேவர்கள் தம்மையே பலியிட்டுச் சூரியனை நகரவைத்தார்கள், அந்தக் கடனை மனிதர் ரத்தத்தால் அடைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அதை உளமார நம்பிய மன்னர்களே அதை ஆயுதமாகவும் ஏந்தினார்கள்.